தெம்பு எங்கிருந்து வருகிறது? சத்து மாத்திரைகளும் உடலின் சாட்சியும்

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் சத்து மாத்திரை வாங்க இப்போது யாரும் மருந்துக் கடையைத் தேடி அலைவதில்லை. ஐயப்பா சொசைட்டி ஹாஸ்டல் அறையில் படுத்தபடியே கைபேசியைத் தட்டினால் போதும். பாலும் தயிரும் வரும் அதே பையில் பி12 மாத்திரையும் மெக்னீசியமும் மீன் எண்ணெய்க் குப்பியும் வந்துவிடுகின்றன. 1998இல் சைபர் டவர்ஸ் தகவல்தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்ட பிறகு இந்த வட்டாரத்துக்கு வேலைக்கு வந்தவர்களின் கூடவே அவர்களின் அசதியும் வந்தது. அசதிக்கு மருந்து விற்பவர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஜிம் வாசலில் புரோட்டீன் டப்பா, கிளினிக்கில் நரம்பு வழியாக ஏற்றும் வைட்டமின் டிரிப், மேசை இழுப்பறையில் வாரம் ஒன்றாகச் சாப்பிடும் அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி என்று கடை விரிந்துகொண்டே போகிறது.

இவற்றைச் சாப்பிடுகிறவர்களிடம் பலன் உண்டா என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். "ரெண்டு வாரமா போடறேன், நல்லா தெம்பா இருக்கு" என்பார் ஒருவர். "எனக்கு ஒண்ணும் தெரியல, எல்லாம் சிறுநீரில்தான் போகுது" என்பார் பக்கத்து இருக்கைக்காரர். இருவரும் சாப்பிடுவது ஒரே மாத்திரையாகக்கூட இருக்கலாம். இருவரும் சாட்சிக்கு அழைப்பது தங்கள் உடலை. அந்தச் சாட்சி எவ்வளவு நம்பத்தக்கது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பரிசீலிக்கிறது. ஊட்டச்சத்து மாத்திரை வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. அது வேலை செய்வதை நம்மால் உணர முடியுமா என்பது வேறொரு கேள்வி. பெரும்பாலான வாக்குவாதங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டே நடக்கின்றன.

உணர முடிந்த காலம்

இந்தக் கேள்விக்கு ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. நகரின் கிழக்கே தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்ஐஎன்) இருக்கிறது. அதன் பிறப்பு தமிழ்நாட்டில். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. அங்கே நடந்த ஆய்வுகளின் வரலாற்றைப் புரட்டினால், ஊட்டச்சத்தின் விளைவை மனிதர்கள் பளிச்சென்று உணர்ந்த நிகழ்வுகள் பல கிடைக்கின்றன.

சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் 1946இல் கால் எரிச்சல் நோயைப் பற்றி எழுதினார். ஏழை நோயாளிகள் பாதம் தீயாய் எரிகிறது என்று வந்தார்கள். வேறு பி வைட்டமின்களுக்கு அடங்காத எரிச்சல் பேண்டோதெனிக் அமிலம் கொடுத்தபோது தணிந்தது என்று அவர் பதிவு செய்தார். பின்னாளில் ஹைதராபாத்தில் அவரும் எஸ்.ஜி. ஸ்ரீகண்டையாவும் தெலங்கானாவின் சோளம் உண்ணும் குடும்பங்களில் பெலாக்ரா நோயைக் கண்டார்கள். சோளத்தில் மிகுந்துள்ள லூசின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 1960இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பெலாக்ரா வந்தவருக்குத் தோல் கருத்துத் தடிக்கும், வாய் புண்ணாகும், வயிறு போகும், மனம் இருளும். நியாசின் கொடுத்தால் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் மனச்சோர்வும் சில நாட்களிலேயே விலகத் தொடங்கும். மாலைக்கண் உள்ள குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் சில நாட்களில் அந்தி வெளிச்சத்தில் தடுமாறாமல் நடக்கும். இங்கெல்லாம் யாருக்கும் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை.

இரத்தசோகையின் கதையும் அப்படித்தான். 1928இல் இந்தியா வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயின் ஆலைத்தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சிறிது காலம் ஆய்வு செய்தார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தபோது நோயாளிகள் எழுந்து உட்கார்ந்ததை 1931இல் அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்த மர்மப் பொருள் ஃபோலிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது. அதை 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு. 1979 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களில் சிலருக்கு இரும்புச்சத்தும் சிலருக்குச் சத்தற்ற போலி மாத்திரையும் கொடுத்தார்கள். "தெம்பாக இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்தவில்லை. ஒரு நாளில் பறித்த கொழுந்தை எடை போட்டார்கள். ஒரு மாதத்தில் இரும்பு ஏறி இரத்தம் கூடியவர்கள் கூடுதலாகப் பறித்திருந்தார்கள். இரத்தம் மிகக் குறைந்திருந்தவர்களிடம் முன்னேற்றம் மிக அதிகம். நிறுவைத் தராசுக்கு எதிர்பார்ப்பு கிடையாது. ஆகவே கேட்டுப் பெற்ற பதிலைவிட இந்தச் சாட்சி வலுவானது.

இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. உணர்ந்தவர்கள் அனைவரும் ஆழமான பற்றாக்குறையில் இருந்தவர்கள். ஒரு நோய் விலகியதைத்தான் அவர்கள் உணர்ந்தார்கள். இன்றைய விளம்பரம் விற்பது இதையல்ல. நோயில்லாதவருக்கு மேலும் ஒரு படி தெம்பு என்பதை விற்கிறது. இந்தத் தாவலுக்குச் சான்று உண்டா என்பதுதான் பிரச்சினை.

யார் உணர்கிறார்கள் என்பதை யார் சொல்வது?

நோயில்லாத மனிதர்களின் உணர்வைச் சோதித்த ஆய்வுகளில் மறக்கக் கூடாத ஒன்று, 1975இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஊழியர்களிடம் நடந்தது. சளிக்கு வைட்டமின் சி என்று நோபல் விஞ்ஞானி லைனஸ் பாலிங் 1970இல் எழுதிய புத்தகம் கிளப்பிய அலையின் நடுவே 311 ஊழியர்கள் சோதனைக்கு முன்வந்தார்கள். பாதிப்பேருக்கு வைட்டமின் சி, மீதிப்பேருக்கு லாக்டோஸ் நிரப்பிய போலி மாத்திரை. ஆனால் சுகாதார நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பலர் குப்பியைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்து எது எது என்று ஊகித்துவிட்டார்கள். பின்னர் கணக்குப் போட்டபோது, வைட்டமின் சாப்பிடுகிறோம் என்று ஊகித்தவர்களிடம் சளி குறைவாகவும் இலேசாகவும் இருந்தது. சளியின் கால அளவைத் தீர்மானித்ததில் வயிற்றுக்குள் போனதைவிட, என்ன போயிற்று என்ற நம்பிக்கைக்கே பங்கு அதிகம்.

முழங்கால் வலிக்கு இன்றும் விற்கும் குளுக்கோசமைனுக்கு இதைவிடத் தெளிவான எண் இருக்கிறது. 1,583 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 விழுக்காட்டினர் வலி கணிசமாகக் குறைந்தது என்றார்கள். குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 64 விழுக்காடு. அந்த 64 விழுக்காட்டினரில் ஒருவரைத் தெருவில் நிறுத்திக் கேட்டால் தன் முழங்கால் மேல் சத்தியம் செய்வார். பொய் சொல்லவும் மாட்டார். வலி குறைந்தது உண்மைதான். குறைத்தது எது என்பதில்தான் அவருக்குத் தப்பு நேர்கிறது.

எதிர்பார்ப்பு மட்டும் இப்படிச் செய்வதில்லை. மாத்திரை தொடங்கும் நேரமும் இதில் பங்கெடுக்கிறது. புராஜெக்ட் ரிலீஸ் வாரத்தில், அமெரிக்க நேரத்துக்கு விழித்து, மூன்று நாள் சரியாகத் தூங்காமல், உடம்பு அடித்துப்போட்டாற்போல் கிடக்கும்போதுதான் ஒருவர் சத்து மாத்திரையை ஆர்டர் செய்கிறார். இரண்டு வாரத்தில் ரிலீஸ் முடிந்துவிடும், தூக்கம் திரும்பும், கூடவே தெம்பும். புகழ் மாத்திரைக்குப் போகும். நன்றாக இருக்கும்போது யாரும் தொடங்குவதில்லை. மிக மோசமான நாளில் தொடங்குகிறவருக்கு அடுத்த நாட்கள் பெரும்பாலும் சராசரிக்குத்தான் திரும்பும். மாத்திரை போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. போலி மாத்திரையோடு ஒப்பிடும் சோதனை, கிடைக்காத அந்த விடையை ஓரளவு தருகிறது.

ஆனால் எதிர்பார்ப்பு என்று சொல்லி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் முடியாது. 2003இல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு, இரத்தசோகை இல்லாத, ஆனால் காரணமில்லாமல் சோர்ந்திருந்த 144 பெண்களுக்கு நான்கு வாரம் இரும்போ போலியோ கொடுத்தது. இரும்புக் குழுவில் சோர்வு 29 விழுக்காடு குறைந்தது, போலிக் குழுவில் 13. 2012இல் பிரான்சில் 198 பெண்களிடம் நடந்த பன்னிரண்டு வார ஆய்வில் இந்த எண்கள் 48, 29 என்று வந்தன. இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரும்பு வேலை செய்கிறது என்பதை முதல் எண் காட்டுகிறது. ஆனால் உணர்ந்த முன்னேற்றத்தில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ இரும்பு இல்லாமலேயே வந்திருக்கும் என்பதை இரண்டாவது எண் காட்டுகிறது. இன்னொன்றும் முக்கியம். சுவிஸ் ஆய்வில் ஃபெரிட்டின் அளவு 50க்கு மேல் இல்லாத, அதாவது உடலின் இரும்புச் சேமிப்பு தாழ்ந்திருந்த பெண்களிடம்தான் இரும்பின் பலன் தென்பட்டது.

மாத்திரையைவிட முக்கியமானது தொடக்கப் புள்ளி

இங்கே விஷயம் திரும்புகிறது. அமெரிக்காவின் வைட்டல் என்ற பெரிய ஆய்வில் 18,353 பேருக்கு ஐந்தாண்டுக்கு மேல் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி அல்லது போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு வருவதில் வேறுபாடு இல்லை என்று 2020இல் முடிவு வந்தது. ஆஸ்திரேலியாவில் 21,315 முதியோருக்கு மாதம் ஒருமுறை 60,000 யூனிட் கொடுத்தார்கள். அது நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கும் அதே அளவு. இறப்பில் வேறுபாடு இல்லை. பி12 பற்றி 2021இல் 16 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நரம்பு நோயோ கடுமையான பற்றாக்குறையோ இல்லாதவர்களின் அறிவாற்றலிலும் மனநிலையிலும் அது மாற்றம் தந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இவற்றைப் படித்துவிட்டுச் சத்து மாத்திரை என்பதே வெறும் வியாபாரம் என்று முடிவுகட்டுகிறவர்கள் மாதாப்பூரிலும் உண்டு.

அந்த முடிவு அவசரப்பட்டது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்கள் தொடங்கும்போதே போதுமான சத்து உள்ளவர்கள். எண்ணெய் வற்றிய விளக்கில் ஊற்றினால் சுடர் எழும், நிறைந்த விளக்கில் ஊற்றினால் வழிந்து தரையைத்தான் அழுக்காக்கும். அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் ராபர்ட் ஹீனி 2014இல் இதை ஆய்வு நெறியாகவே வகுத்தார். ஒரு சத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் அது குறைவாக உள்ளவர்களைச் சேர்க்க வேண்டும், கொடுத்த பிறகு இரத்தத்தில் அது கூடியதா என்றும் அளக்க வேண்டும் என்றார். இந்த நெறியை மீறிய ஆய்விலிருந்து வரும் 'பலனில்லை' என்ற தீர்ப்பு, நிறைந்தவருக்குப் பலனில்லை என்பதை மட்டுமே சொல்லும்.

மாதாப்பூர் நிறைந்த ஊரா? 2016இல் வெளியான என்ஐஎன் ஆய்வு, நோயற்றவர்களாகத் தோன்றிய ஹைதராபாத் பெரியவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் 35 விழுக்காட்டினருக்கு பி12 குறைவு. முதியோரைவிட இளையோரிடம் குறைவு அதிகம். காரணங்களைக் கணிப்பது கடினமில்லை. பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில் மட்டும். சைவ உணவுக்காரர், ஹாஸ்டல் மெஸ்ஸில் நீர்த்த மோரை மட்டும் நம்புகிறவர், 'கேஸ்' என்று மாதக்கணக்கில் பான்டோபிரசோல் விழுங்குகிறவர், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என ஒவ்வொருவருக்கும் குறைவதற்கு ஒரு வழி இருக்கிறது. வெயில் கொளுத்தும் ஊரில் காலை முதல் இரவு வரை கண்ணாடிச் சுவருக்குள் இருப்பவருக்கு வைட்டமின் டி தயாராவதில்லை. ஜன்னல் கண்ணாடி, அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரை வடிகட்டிவிடுகிறது. மாதவிலக்கில் இரும்பை இழக்கும் பெண்களுக்கு என்ஐஎன் 2020இல் பரிந்துரைத்த நாளளவு 29 மில்லிகிராம். அரிசிச் சோறும் சாம்பாரும் மட்டும் அதை எட்டுவது அரிது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, கிடைத்த இரும்பையும் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது.

ஆகவே நியூயார்க்கில் "பி12 போட்டேன், தெம்பு வந்தது" என்கிறவரைப் பார்த்துச் சிரிக்கலாம். மாதாப்பூரில் அதையே சொல்கிறவரைப் பார்த்து உடனே சிரிக்க முடியாது. மூவரில் ஒருவருக்குக் குறைவு இருக்கும் இடத்தில், அவர் உண்மையாகவே உணர்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. அதே சமயம் மீதி இருவர் உணர்ந்ததாகச் சொன்னால் அது வேறு எங்கிருந்தோ வந்தது. அந்த மூவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள் என்பதால், பேச்சைக் கேட்டுப் பிரித்தறிய வழியில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே தேவை. அசதி என்றதும் சத்துக் குறைவு என்று முடிவுகட்டும் பழக்கம் வேறு காரணங்களை மறைக்கிறது. 2025இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகமும் ஏஐஜி மருத்துவமனையும் சேர்ந்து 345 தகவல்தொழில்நுட்ப ஊழியர்களைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில் 84 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. தூக்கக் குறைவு, நாள் முழுக்க உட்கார்ந்திருத்தல், தைராய்டு, சர்க்கரை என்று அசதிக்குக் காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. மாத்திரை தரும் தற்காலிகத் தெம்பு அவற்றைக் கண்டுபிடிப்பதை ஆறு மாதம் தள்ளிப்போடும்.

வேறொன்றை உணர்தல்

சில நேரம் மாத்திரை சாப்பிட்டதும் உடலில் ஏதோ நடப்பது உறுதியாகவே தெரியும். ஆனால் தெரிவது எது? பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்டால் சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போகும். அது வெளியேறும் ரிபோஃபிளேவினின் நிறம். மருந்து வேலை செய்வதாகப் பலர் எடுத்துக்கொள்வது, உண்மையில் மிஞ்சியது போகிறது என்பதன் அடையாளம். ஜிம்மில் உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடியில் பீட்டா அலனைன் இருந்தால் முகத்திலும் கையிலும் சுள்ளென்று ஊறும். தோலின் நரம்பு நுனிகளை அது தூண்டுவதால் வரும் ஊறல் அது. தசையில் அது செய்யக்கூடிய சிறு நன்மை பல வாரங்கள் சாப்பிட்ட பிறகே சேரும், ஊறலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் குடிக்கிறவருக்கு அந்த ஊறல்தான் சரக்கின் தரச் சான்றிதழ். அதே பொடியில் உள்ள காஃபீன் நிஜமாகவே சுறுசுறுப்பைத் தரும். அதை ஃபில்டர் காபியும் தரும்.

கிரியேட்டின் இதற்கு நேர் எதிர். விளையாட்டுச் சத்துகளில் அதிகம் சோதிக்கப்பட்டுத் தேறியவற்றில் அதுவும் ஒன்று. குறுகிய கடும் உழைப்பில் சிறு முன்னேற்றம் தருகிறது. ஆனால் அந்த முன்னேற்றம் அளந்தால்தான் தெரியும். தொடங்கிய வாரத்தில் தெரிவது, தசையில் நீர் சேர்ந்து ஏறும் ஒரு கிலோ எடைதான்.

இதைவிடக் கவலைக்குரியது கலப்படம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கண்டுபிடித்த, அறிவிக்காத மருந்து கலந்த 776 சத்துப் பொருட்களை ஓர் ஆய்வு தொகுத்தது. வீரியத்துக்கு விற்றவற்றில் சில்டெனஃபிலும், உடல் இளைக்க விற்றவற்றில் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமினும் இருந்தன. அவற்றைச் சாப்பிட்டவர்கள் பலனைப் பிரமாதமாக உணர்ந்திருப்பார்கள். இந்தியாவிலும் நிலைமை ஆறுதல் தருவதாக இல்லை. கேரளத்தின் ராஜகிரி மருத்துவமனை மருத்துவர் சிரியாக் அபி ஃபிலிப்ஸ் குழுவினர் 36 புரோட்டீன் பொடிகளைப் பரிசோதித்து 2024இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரதத்தின் அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. மூலிகைச் சத்து என்று வாங்கிய ஒன்று ஒரே நாளில் அதிரடியாக வேலை செய்தால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவதே நல்லது.

உணராத நன்மை, உணராத கேடு

உணர்வைச் சாட்சியாக ஏற்பதில் பெரிய சிக்கல் இதுதான்: ஊட்டச்சத்தின் மிகப் பெரிய நன்மைகளை யாரும் உணரவே முடியாது. 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஏற்கெனவே தண்டுவடக் குறையுள்ள குழந்தை பிறந்த தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அடுத்த குழந்தைக்கு அந்தக் குறை வரும் அபாயம் 72 விழுக்காடு குறைந்தது. அந்தத் தாய்மார்களில் ஒருவருக்காவது மாத்திரையின் விளைவு உடலில் தெரிந்திருக்காது. வராமல் போன நோயை உணர்வது எப்படி?

1990இல் வெளியான இரண்டு தென்னிந்திய ஆய்வுகளை அருகருகே வைத்தால் இது இன்னும் துலங்கும். திருச்சி மாவட்டத்தில் மதுரை அரவிந்த் மருத்துவமனையின் லட்சுமி ரஹ்மதுல்லா குழு 15,419 குழந்தைகளுக்கு வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ அல்லது போலி மருந்து கொடுத்து ஓராண்டு கவனித்தது. வைட்டமின் பெற்ற குழந்தைகளில் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு லான்செட்டில் என்ஐஎன் ஆய்வாளர்கள் ஹைதராபாத்தைச் சுற்றிய கிராமங்களின் 15,775 குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு கொடுத்ததன் முடிவை வெளியிட்டார்கள். இறப்பில் வேறுபாடு இல்லை. கொடுத்த அளவும் முறையும் மக்களின் தொடக்க நிலையும் வேறாக இருந்தன என்று பின்னர் நீண்ட விவாதம் நடந்தது. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான். உயிர் காக்கிறதா என்பதையே ஆயிரக்கணக்கான குழந்தைகளை எண்ணித்தான் கண்டறிய வேண்டியிருந்தது. திருச்சிக் கிராமத்துத் தாயிடமோ ஹைதராபாத் கிராமத்துத் தாயிடமோ கேட்டிருந்தால் இந்த வேறுபாடு வெளிப்பட்டிருக்காது.

கேடுகளும் இதேபோல் ஒளிந்திருக்கின்றன. பி12 குறைந்து இரத்தசோகை வந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறும், தெம்பு வரும், முகம் தெளியும். உள்ளே நரம்புச் சேதம் நிற்காமல் முன்னேறும். சுப்பாராவின் ஃபோலிக் அமிலம் கிடைத்த சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் இதைக் கசப்போடு கற்றார்கள். நன்றாக உணர்வதே ஆபத்தாக முடிந்த நிகழ்வு இது. கால் மதமதப்புக்கு என்று சாப்பிடும் பி6 அளவு மீறினால் அதே மதமதப்பை உண்டாக்கும். தினம் சில கிராம் சாப்பிட்டு நடக்கத் தடுமாறிய ஏழு பேரைப் பற்றி 1983இல் அறிக்கை வந்தது. மதமதப்பு கூடுகிறதே என்று அளவைக் கூட்டுகிறவர் எந்தச் சுழலில் சிக்குவார் என்று யோசித்துப் பாருங்கள். வைட்டமின் டி அறுபதாயிரம் யூனிட்டை வாரம் ஒன்று என்பதற்குப் பதிலாகத் தினம் ஒன்று சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். காஷ்மீர் மருத்துவர்கள் 2011இல் இத்தகைய நோயாளிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2,256 முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தபோது, எலும்பு உறுதிப்படுவதற்கு மாறாகக் கீழே விழுவதும் எலும்பு முறிவும் கூடின. அந்தப் பெண்களில் எவராலும் தன் முறிவுக்கு மருந்தைக் காரணம் காட்டியிருக்க முடியாது.

தன் உடம்பில் தானே சோதிப்பது

அப்படியானால் தனிமனிதர் தன் அனுபவத்திலிருந்து எதையும் அறிய முடியாதா? முடியும், நிபந்தனைகளோடு. 2020இல் இங்கிலாந்தில் நடந்த சாம்சன் ஆய்வு ஒரு வழி காட்டியது. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் உடம்பு வலிக்கிறது என்று நிறுத்திவிட்ட 60 பேருக்கு ஓராண்டு முழுதும் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் போலி, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எந்த மாதம் எந்த மாத்திரை என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. மருந்தோடு வந்த தொல்லையில் 90 விழுக்காடு போலி மாத்திரையோடும் வந்தது. முடிவைப் பார்த்தபின் பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினார்கள்.

இதே முறையை அறைத்தோழரின் உதவியோடு செய்யலாம். அவர் ஒரே மாதிரியான காப்சூல்களில் ஒரு வாரம் சத்தும் ஒரு வாரம் அரிசி மாவும் நிரப்பித் தருவார், வரிசையை ரகசியமாகக் குறித்துக்கொள்வார். சாப்பிடுகிறவர் தினமும் தெம்புக்கு மதிப்பெண் போடுவார். ஆனால் எல்லாச் சத்துக்கும் இது செல்லாது. காஃபீன் போல மணிக்கணக்கில் வேலை செய்து தீர்வதற்குத்தான் பொருந்தும். பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பாகிறது. வைட்டமின் டி இரத்தத்தில் நிலைபெறவே இரண்டு மூன்று மாதம் ஆகும். இரும்புச் சேமிப்பு நிரம்பவும் மாதங்கள் ஆகும். இவற்றை ஒரு வாரம் போட்டு ஒரு வாரம் விட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. வியப்பு என்னவென்றால், நம் ஊரில் உண்மையாகக் குறைந்திருக்கும் மூன்று சத்துகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. எந்தச் சத்தில் உணர்வுக்கு வேலை மிகுதியாக இருக்கிறதோ அங்கேயே உணர்வால் சோதிக்க முடியவில்லை.

மிஞ்சுவது இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றை மாத்திரை தொடங்கும் முன் பார்க்க வேண்டும். முன் என்பதில் அழுத்தம் தேவை. இரண்டு மாதம் பி12 விழுங்கிவிட்டுப் பரிசோதித்தால் எண் உயர்ந்தே இருக்கும், தொடக்கத்தில் குறைவு இருந்ததா என்பது என்றைக்கும் தெரியாது. முடி உதிர்வுக்கு பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். அது தைராய்டு முதல் மாரடைப்பு வரையிலான சில பரிசோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது.

தீர்ப்பு

சான்றுகளைத் தொகுத்தால் விடை இப்படி அமைகிறது. ஊட்டச்சத்து மாத்திரையின் விளைவை மனிதர்களால் உணர முடியும், அவர்களுக்கு அந்தச் சத்து குறைந்திருந்தால். குறை ஆழமாக ஆழமாக உணர்வும் தெளிவாக இருக்கும். குறையில்லாதவர் உணர்வது பெரும்பாலும் எதிர்பார்ப்பு, காஃபீன், முடிந்துபோன ரிலீஸ் வாரம், சில நேரம் கலப்படம். உணராமல் இருப்பதும் பயனின்மைக்கு அத்தாட்சியாகாது. ஃபோலிக் அமிலம் சாப்பிடும் கர்ப்பிணி எதையும் உணர வேண்டியதில்லை.

இந்த விடையில் விற்பவருக்கும் பொறுப்பு இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி சத்துப் பொருளின் மேல் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட வேண்டும். நோயைத் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது. ஆனால் 'ஆற்றலை உணருங்கள்' என்று சொல்லலாம். உணர்வைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது என்பதால் விளம்பரம் அங்கே பாதுகாப்பாக உட்கார்ந்துகொள்கிறது. தார்நாக்காவின் என்ஐஎன், 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் தசை வளர்க்கப் புரோட்டீன் பொடியைத் தவிர்க்கச் சொன்னது. அதே நகரின் இன்னொரு கோடியில் அந்தப் பொடி பத்து நிமிடத்தில் வீடு தேடி வருகிறது.

அசதியாக இருக்கிறது என்று உடல் சொல்வதை நம்ப வேண்டும். அதற்குக் காரணம் இன்னது என்று உடல் சொல்வதாக நாம் நினைப்பதை நம்பக் கூடாது. முதல் வாக்கியம் மருத்துவரிடம் போகப் போதுமான காரணம். இரண்டாவது வாக்கியத்துக்கு விடை, பெரும்பாலும் ஒரு மாதச் சத்துக் குப்பிகளின் விலைக்குள் அடங்கும் ஓர் இரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. பணம் செலவாகத்தான் போகிறது என்றால் அது முதலில் அங்கே ஆகட்டும்.